சமையல் வேலைக்குப் போக நினைக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு

ஒவ்வோர் ஆண்டும் பிளஸ் டூ தேர்வு முடிவு வந்த கையோடு, காரைக்குடியிலிருந்தும் சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்தும் பெற்றோர் சிலர் என்னைத் தேடி வருகிறார்கள். "அண்ணே, பையன் சமையல்தான் படிப்பேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். அனுப்பலாமா?" என்பதுதான் அவர்கள் எல்லோரும் கேட்பது. கேட்கும்போதே குரல் தணிந்துவிடுகிறது. வள்ளல் அழகப்பர் 1947இல் கல்லூரி தொடங்கிய ஊர் இது. பிள்ளை பொறியாளராகவோ கணக்காளராகவோ ஆக வேண்டும் என்று நினைப்பது இங்கே இயல்பு. ஆனால், உலகத்தில் எந்த நகரத்துக்குப் போனாலும் செட்டிநாடு என்று நம் பகுதியின் பெயரைப் பலகையில் எழுதிச் சோறு விற்கிறார்கள் என்பதும், அந்த அடுப்புகளின் முன் நிற்பவர்களில் நம் ஊர்ப் பிள்ளைகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது என்பதும் எனக்குத் தீராத வருத்தம்.

நான் கல்யாணச் சமையல் குழுவில் எடுபிடியாகத் தொடங்கி, சென்னையிலும் வளைகுடா நாட்டிலும் ஹோட்டல் சமையலறைகளில் வேலை பார்த்துவிட்டு, இப்போது கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடொன்றில் நடக்கும் தங்கும் விடுதியில் உணவுப் பிரிவைக் கவனித்து வருகிறேன். வேலைக்கு ஆள் எடுப்பதும் என் பொறுப்பு. என்னிடம் வருகிறவர்கள் இரண்டு வகை. ஒருவர், பெரிய மாஸ்டரிடம் கைப்பழக்கமாகக் கற்றுத் தேர்ந்தவர். உப்புக்கறியை வாசனையிலேயே பதம் பார்ப்பார், ஆனால் நாளைக்கு எவ்வளவு கறி வேண்டும் என்று எழுதித் தரச் சொன்னால் பேனாவைப் பிடிக்கத் தயங்குவார். இன்னொருவர், கேட்டரிங் கல்லூரியில் படித்தவர். உணவுச் செலவு சதவீதத்தை மனப்பாடமாகச் சொல்வார், ஆனால் இருபது பேருக்குச் சின்ன வெங்காயம் உரித்து முடிப்பதற்குள் மதியப் பந்தி தொடங்கிவிடும். கைப்பழக்கத்தோடு கணக்கையும் படித்தவர்தான் இந்தத் தொழிலில் மேலே போகிறார் என்பதை நான் பார்த்த எல்லாச் சமையலறைகளிலும் கண்டிருக்கிறேன்.

முதலில் கல்யாணச் சமையல் குழுவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதை ஒரு பள்ளிக்கூடமாக நம்மவர்களே மதிப்பதில்லை. செட்டிநாட்டுக் கல்யாணம் ஒன்றில் காலைப் பலகாரம், மதியச் சாப்பாடு, மாலையில் இடைப்பலகாரம், இரவுச் சாப்பாடு என்று நாள் முழுவதும் அடுப்பு அணையாது. தலைமைச் சமையல்காரர் சில வாரங்களுக்கு முன்பே கல்யாண வீட்டுக்கு வந்து, எத்தனை இலை என்று கேட்டுக்கொண்டு, சாமான் பட்டியல் போடுவார். அரிசி, பருப்பு, எண்ணெய், தேங்காய், வாழைக்காய் தொடங்கி, கல்பாசி, மராட்டி மொக்கு, இலை, விறகு வரைக்கும் எதையும் பார்த்து எழுதாமல், வாய்க்கணக்காகவே சொல்லிக்கொண்டு போவார். வீட்டுப் பிள்ளை ஒருவர் எழுதிக்கொள்வார். இலை கூடினால் எதைக் கூட்டுவது, மழை வந்து கூட்டம் குறைந்தால் எதை அடுப்பில் ஏற்றாமல் நிறுத்துவது என்பதெல்லாம் அவருடைய தலைக்குள் இருக்கும். ஹோட்டல் மேலாண்மைப் பாடத்தில் தேவையை முன்கணித்தல், கொள்முதல், உற்பத்தித் திட்டம் என்று தனித்தனித் தாள்களாகப் படிப்பவை எல்லாம் அந்த ஒரு மனிதரிடம் சேர்ந்து இருக்கின்றன.

அவருக்குக் கீழே அடுக்கு உண்டு. காய் நறுக்குகிறவர்கள், அரைவை பார்க்கிறவர்கள், பலகாரம் சுடுகிறவர்கள், கோட்டை அடுப்பில் அண்டா இறக்குகிறவர்கள் என்று ஒவ்வொருவருக்கும் இடம் உண்டு. புதிதாக வந்த பையன் பாத்திரம் தேய்ப்பதிலும் தேங்காய் துருவுவதிலும் தொடங்குவான். சமையலுக்கு வெளியே, பந்தி விசாரிக்கிறவர் என்று ஒருவர் நிற்பார். அவர் எதையும் பரிமாற மாட்டார். இலைகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பார். எந்த இலையில் சோறு தீர்ந்தது, எந்தப் பெரியவர் மோருக்குக் காத்திருக்கிறார், எந்தக் குழந்தை இனிப்பைத் தொடவில்லை என்பதைக் கண்ணால் பிடித்து, கையசைவில் ஆளை அனுப்புவார். நட்சத்திர விடுதியின் உணவுக்கூடத்தில் கேப்டன் என்று சட்டைப்பையில் பெயர் குத்திக்கொண்டு நிற்பவர் செய்யும் வேலையும் இதுதான். எனக்குத் தெரிந்த நல்ல சர்வீஸ் மேலாளர்களில் சிலர் இப்படிப் பந்தியில் வளர்ந்தவர்கள்.

இந்தக் குழு கற்றுத் தராதவையும் உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை; அந்த மாதங்களில் கையில் காசும் இல்லை. சமைத்தது அன்றைக்கே பரிமாறப்படுவதால், மிச்சத்தைக் குளிர்வித்து வைத்துப் பாதுகாக்கும் முறை பழக்கத்தில் வராது. எல்லாவற்றையும்விட, அளவு எழுதும் பழக்கம் வராது. வெள்ளைப் பணியாரத்துக்கு நம் ஆச்சிமார் சொல்லும் அளவு எல்லோருக்கும் தெரியும்: ஓர் ஆழாக்குப் பச்சரிசி, அதன் மேலேயே கோபுரமாக உளுந்து. ஒரே கை, ஒரே ஆழாக்கு இருக்கும் வீட்டில் அந்த அளவு தப்பவே தப்பாது. மூன்று ஷிப்டுகளில் மூன்று பேர் மாவு ஆட்டும் விடுதியில் ஆளுக்கு ஆள் கோபுரத்தின் உயரம் மாறும். உளுந்து கூடினால் பணியாரம் எண்ணெய் குடிக்கும், குறைந்தால் பணியாரம் கல்லாகும். நான் செய்ததெல்லாம், கைதேர்ந்த ஓர் ஆச்சியை அளக்கச் சொல்லி, அந்த அரிசியையும் உளுந்தையும் தராசில் வைத்து, கிராமில் எழுதிச் சுவரில் ஒட்டியதுதான். அளவுமுறையை எழுதி நிலைப்படுத்துவது என்று பாடப்புத்தகம் சொல்வதற்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

கீழ்ப்படியிலிருந்து ஏறுவது இந்த மண்ணுக்குப் புதிதும் இல்லை. பர்மாவிலும் மலாயாவிலும் நகரத்தார் வட்டிக்கடை வைத்திருந்த காலத்தில், கடைக்குப் போகும் இளைஞன் பெட்டியடிப் பையனாகச் சேர்வான். கணக்குப் பழகி அடுத்தாளாவான். பிறகு ஒரு கடையையே பொறுப்பேற்று நடத்தும் மேலாளாவான். முதலாளி வீட்டுப் பிள்ளையும் இந்தப் படிகளில் ஏறித்தான் வர வேண்டும் என்று இருந்தது. பெரிய ஹோட்டல் சமையலறையின் அடுக்கும் அதே போன்றது. பிரெஞ்சுச் சமையல் வல்லுநர் ஆகுஸ்ட் எஸ்காஃபியே (1846–1935) லண்டன் சவாய் போன்ற ஹோட்டல்களில் பணியாற்றியபோது ஒழுங்குபடுத்திய பிரிவுமுறைதான் இன்றும் உலகம் முழுவதும் நடக்கிறது. பயிற்சியாளராகச் சேர்கிறவர் கமி, அதாவது இளநிலைச் சமையல்காரர், ஆகிறார். கமியிலேயே மூன்று, இரண்டு, ஒன்று என்று படிகள் உண்டு. அதன்பின் டெமி ஷெஃப், பிறகு ஒரு பிரிவுக்கே பொறுப்பான ஷெஃப் டி பார்ட்டி, அவருக்கு மேலே சூ ஷெஃப், எல்லோருக்கும் மேலே எக்ஸிகியூட்டிவ் ஷெஃப். சூ ஷெஃப் நிலைக்கு வந்தபின் ஒருவர் கரண்டி பிடிக்கும் நேரம் குறைந்து, வேலை அட்டவணை போடுவது, இண்டென்ட் என்னும் சரக்குக் கேட்புச் சீட்டில் கையெழுத்திடுவது, சரக்கைச் சோதித்து வாங்குவது, ஆட்களைப் பழக்குவது ஆகியவற்றில் நாள் போய்விடும். ஷெஃப் ஆக வேண்டும் என்று ஆசைப்படுகிற பிள்ளைகள் இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

பாத்திரம் கழுவும் பிரிவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் கடந்து போக மனம் வரவில்லை. கிச்சன் ஸ்டூவர்டிங் என்று பெயர் கொண்ட அந்தப் பிரிவு ஒரு நாள் நின்றால் எக்ஸிகியூட்டிவ் ஷெஃப்பின் கையும் நின்றுவிடும். அவர்களைப் பெயர் சொல்லி அழைக்காத சமையலறையில் சேர வேண்டாம் என்றே நான் பிள்ளைகளிடம் சொல்கிறேன்.

படிப்புக்கு வருகிறேன். மூன்றாண்டு பட்டப்படிப்பு படிக்க வேண்டுமென்றால், மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் வரும் ஹோட்டல் மேலாண்மைக் கல்வி நிலையங்கள் முதலில் நினைவுக்கு வர வேண்டும். சென்னை தரமணியில் உள்ளது 1963இல் தொடங்கியது. நம் பகுதிக்குப் பக்கத்தில் திருச்சி துவாக்குடியில் மாநில நிலையம் இருக்கிறது. பட்டப்படிப்புச் சேர்க்கைக்கு என்.சி.எச்.எம். ஜே.இ.இ. என்ற அகில இந்திய நுழைவுத் தேர்வு உண்டு. பிளஸ் டூவில் ஆங்கிலத்தை ஒரு பாடமாகப் படித்திருந்தால் எந்தப் பிரிவு மாணவரும் எழுதலாம். இந்தத் தேர்வைப் பற்றித் தெரியாமலேயே நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் கோட்டை விடுகிறார்கள் என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். அவ்வளவு நீண்ட படிப்பு முடியாது என்றால், பத்தாம் வகுப்புத் தேர்ச்சியோடு சேரக்கூடிய ஓராண்டு ஐ.டி.ஐ. உணவுத் தயாரிப்புப் பிரிவு இருக்கிறது. மத்திய நிலையங்களிலேயே உணவுத் தயாரிப்புக்கான குறுகிய கைத்தொழில் படிப்பும் இருக்கிறது.

தனியார் கல்லூரிகளில் நல்லவையும் உண்டு. ஆனால் சேரும் முன் இரண்டு விஷயங்களை நேரில் பார்த்துவிட வேண்டும். பயிற்சிச் சமையலறையில் மாணவர் ஒருவருக்குத் தனி அடுப்பு கிடைக்கிறதா, இல்லை பத்துப் பேர் சுற்றி நின்று ஒருவர் கிளறுவதை வேடிக்கை பார்க்கிறார்களா என்பது ஒன்று. தொழிற்பயிற்சிக்கு எந்த ஹோட்டலுக்கு அனுப்புகிறார்கள், அங்கே என்ன வேலை தருகிறார்கள் என்பது மற்றொன்று. என் உறவுக்காரப் பையன் ஒருவன் பயிற்சி என்ற பெயரில் ஓரிடத்துக்கு அனுப்பப்பட்டு, கடைசி நாள் வரைக்கும் தண்ணீர் பாட்டில் அடுக்கினான். சான்றிதழில் மட்டும் எல்லாப் பிரிவிலும் பயின்றதாக எழுதிக் கொடுத்தார்கள். அந்தக் காலமும் போயிற்று, கட்டிய பணமும் போயிற்று.

இனி, நான் அதிகம் பேச விரும்பும் கணக்குக்கு வருகிறேன். ஒரு நாட்டுக்கோழி வறுவலை எடுத்துக்கொள்வோம். உயிரெடை கிலோ 400 ரூபாய் என்று வைத்து, ஒன்றரைக் கிலோ கோழியை 600 ரூபாய்க்கு வாங்குகிறோம். இறகு, குடல் எல்லாம் போக, சமையலுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ நிற்கும். அப்படியானால் நம் கைக்கு வந்த கறியின் விலை கிலோ 600 ரூபாய். 400 என்று நினைத்துக்கொண்டு விலைப்பட்டியல் போட்டவர் அந்த இடத்திலேயே தோற்றுவிட்டார். ஒரு தட்டுக்கு 150 கிராம் பச்சைக் கறி என்று கொண்டால் கறி 90 ரூபாய், சின்ன வெங்காயம், மிளகாய், மசாலா, நல்லெண்ணெய் எல்லாம் சேர்த்து 30 ரூபாய், ஆக 120. உணவுச் செலவு விற்பனை விலையில் மூன்றில் ஒரு பங்குக்குள் நிற்க வேண்டும் என்பது தொழிலில் பரவலாக வைத்துக்கொள்ளும் கணக்கு. எனவே விலை 360 ரூபாய். மீதி 240 ரூபாயில்தான் சம்பளம், வாடகை, கேஸ், மின்சாரம், உடைந்த தட்டு, முதலாளியின் லாபம் அத்தனையும் அடங்க வேண்டும்.

இப்போது அடுப்பில் நிற்பவர் தாராள மனத்தோடு 150க்குப் பதில் 200 கிராம் வைக்கிறார் என்று கொள்வோம். கறி 120 ரூபாய், மசாலா 40 ரூபாய், ஆக 160. அதே 360 ரூபாய் விலையில் உணவுச் செலவு 33 சதவீதத்திலிருந்து 44 சதவீதத்துக்கு ஏறிவிடும். விருந்தாளிக்குப் பரிமாறும் கை சுருங்கக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். அந்தக் குணம் நல்லது. தாராளமாகத்தான் தர வேண்டும் என்றால் 200 கிராமையே அளவாக எழுதி, அதற்கேற்ற விலையை வைக்க வேண்டும். ஒரு நாள் 150, ஒரு நாள் 200 என்று போனால் வாடிக்கையாளருக்கும் குறை, கடைக்கும் நட்டம். நன்றாகச் சமைக்கும் உணவகங்கள் இழுத்து மூடப்படும்போது, ருசியில் எந்தக் குறையும் இல்லாமல், இந்தக் கரண்டிக் கணக்கில் ஓட்டை விழுந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். கமியாக இருக்கும்போதே, தன் கையால் செய்யும் பத்துப் பதார்த்தங்களுக்கு இப்படிக் கணக்குப் போட்டு ஒரு நோட்டில் வைத்திருக்கும் பிள்ளையை எந்த மேலாளரும் கைவிட மாட்டார்.

பாதுகாப்பிலும் இதே அக்கறை வேண்டும். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டத்தின் கீழ் வந்த விதிகள், சூடாகப் பரிமாறும் உணவு 60 டிகிரி செல்சியசுக்குக் குறையாமலும், குளிரில் வைக்கும் உணவு 5 டிகிரிக்கு மேல் போகாமலும் இருக்க வேண்டும் என்கின்றன. சமையலறையில் வேலை செய்வோருக்கு ஆண்டுக்கொரு முறை மருத்துவப் பரிசோதனை வேண்டும்; 25 பேருக்கு ஒருவராவது ஃபாஸ்டாக் (FoSTaC) என்னும் உணவுப் பாதுகாப்புப் பயிற்சி பெற்ற மேற்பார்வையாளராக இருக்க வேண்டும். அந்தப் பயிற்சி நீண்டதும் இல்லை, செலவு மிகுந்ததும் இல்லை. வேலை தேடும் முன்பே முடித்துவிடலாம். நம் சமையலில் தேங்காய் அரைத்து ஊற்றும் குழம்புகள் அதிகம். சித்திரை வெயிலில் மதியம் வைத்த குருமா மாலைக்குள் நுரைத்துவிடும். பெரிய பாத்திரத்தோடு அப்படியே குளிர்பெட்டியில் தூக்கி வைத்தால் மேலே குளிர்ந்தாலும் நடுவில் சூடு பல மணி நேரம் தங்கியிருக்கும்; கிருமி வளர்வது அங்கேதான். அகலமான, ஆழமில்லாத தட்டுகளில் பிரித்து ஊற்றி, சூட்டை விரைவாக இறக்கிய பிறகே உள்ளே வைக்க வேண்டும். வெப்பமானி இல்லாமல் விரலை விட்டுப் பார்க்கும் சமையலறைக்கு என் பிள்ளையை அனுப்ப மாட்டேன்.

பெண் பிள்ளைகளைப் பற்றிப் பெற்றோர் வாயே திறப்பதில்லை. ஆனால் நம் ஊரின் கைமணம் முழுக்கப் பெண்களிடம் இருக்கிறது. தேன்குழலும் மனகோலமும் சீடையும் அடுக்கடுக்காகக் கடல் கடந்து போவது அவர்கள் உழைப்பில்தான். காரைக்குடியில் பங்களா என்ற விடுதியை உலகப் பயணிகள் தேடிவரும் சாப்பாட்டு வீடாக ஆக்கியவர் மீனாட்சி மெய்யப்பன் என்ற பெண்மணி. அப்படியிருந்தும் ஹோட்டல் சமையலறையில் பெண்கள் குறைவாக இருப்பதற்குக் காரணம் திறமைக் குறைவு இல்லை. இரவு பதினொரு மணிக்கு ஷிப்டு முடிந்தால் வீட்டுக்கு எப்படிப் போவது, உடை மாற்றத் தனி அறை இருக்கிறதா என்பவைதான். இவற்றுக்கு ஏற்பாடு செய்வது மேலாளரின் கடமை. எங்கள் விடுதியில் இரவு வண்டி ஏற்பாடு செய்தபின் இரண்டு பெண்கள் சேர்ந்தார்கள். பலகாரப் பிரிவு இப்போது அவர்கள் பொறுப்பில் இருக்கிறது.

வேலையில் சேரும்போது சம்பளத்தை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடக் கூடாது. நம் மாநிலத்தில் உணவகத் தொழிலாளர்களுக்கென்றே 1958ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று உண்டு. வேலை நேர வரம்பும் வார விடுமுறையும் அதில் வருகின்றன. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பி.எஃப். பிடிக்க வேண்டும், 10 பேர் இருந்தாலே, மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவருக்கு இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் மருத்துவக் காப்பீடு வேண்டும். கொதிக்கும் எண்ணெயும் கூரிய கத்தியும் ஈரத் தரையும் உள்ள இடத்தில் மருத்துவப் பாதுகாப்பு இல்லாமல் நிற்கக் கூடாது. சாப்பாடும் தங்குமிடமும் தருகிறோம் என்று சொல்லி இவற்றை மழுப்பும் முதலாளியிடம், மரியாதையாகவே, எழுத்தில் கேளுங்கள்.

வெளிநாடு போகும் ஆசை நம் மண்ணோடு பிறந்தது. வளைகுடாவோ மலேசியாவோ, போவதற்கு முன் குறைந்தது பத்தாம் வகுப்பையாவது தேறிவிட வேண்டும். தேறாதவரின் கடவுச்சீட்டில் குடிபெயர்வு அனுமதி தேவை என்ற குறிப்பு இருக்கும், அந்த நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசிடம் தனி அனுமதி வாங்க வேண்டும். ஏஜெண்ட் சொல்லும் வேலையும் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் வேலையும் ஒன்றா என்று பார்த்த பிறகே கையெழுத்திட வேண்டும். ஷெஃப் என்று வாயால் சொல்லி, துப்புரவுப் பணியாளர் என்று தாளில் எழுதி அனுப்பிய கதைகள் நம் ஊர்களிலேயே உண்டு. ஒப்பந்தம் அரபியில் இருந்தால் மொழிபெயர்ப்பைக் கேட்டு வாங்குங்கள். இதுவரை செய்த வேலைகளின் அனுபவச் சான்றிதழ்களில், எந்தப் பிரிவில், எந்தப் பதவியில், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று தெளிவாக எழுதி வாங்கி வையுங்கள். கல்யாணக் குழுவில் வேலை பார்த்த காலத்துக்கும் தலைமைச் சமையல்காரரிடம் ஒரு கடிதம் கேளுங்கள்; நான் ஆள் எடுக்கும்போது அந்தக் கடிதத்தைத்தான் முதலில் படிக்கிறேன்.